லேப்டாப் ஹார்ட் டிஸ்க் போகப் போகிறது, ஃபைல்களை எப்படிக் காப்பாற்றுவது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சொந்தக்காரர்களில் யாருடைய லேப்டாப் படுத்தாலும் எனக்குத்தான் போன் வரும். கடை எதுவும் வைத்திருக்கவில்லை, பல வருடமாகப் பிரித்து மேய்ந்த பழக்கம்தான். ஒரே பதிலை வாட்ஸ்அப்பில் திரும்பத் திரும்ப டைப் செய்து கை வலித்ததால் இங்கே மொத்தமாக எழுதி வைக்கிறேன். உதாரணம் பெரும்பாலும் என் பெரியப்பாவின் லேப்டாப்தான்: விண்டோஸ் 10, 1 டிபி ஹார்ட் டிஸ்க், அதற்குள் ஓய்வுபெற்ற தமிழாசிரியரான அவர் இருபது வருடம் எழுதிய கட்டுரைகள், அக்கா கல்யாண போட்டோக்கள், நிலப் பத்திரங்களின் ஸ்கேன். பேக்கப் ஒரு பென்டிரைவில் இருந்ததாம், அந்தப் பென்டிரைவைக் காணோம்.

லேப்டாப் ரொம்ப ஸ்லோவாக இருக்கிறது. டிஸ்க் போகிறது என்று எப்படித் தெரிந்துகொள்வது?

எல்லா ஸ்லோவும் டிஸ்க் கோளாறு இல்லை, ரேம் பற்றாமலும் இருக்கலாம், பின்னால் அப்டேட் ஓடிக்கொண்டும் இருக்கலாம். டிஸ்க் கோளாறுக்கு ஒரு தனிக் குணம் உண்டு: எல்லாம் ஓரளவு ஓடும், குறிப்பிட்ட ஒரு ஃபோல்டரைத் தொட்டால் மட்டும் மொத்தமாக உறைந்து நிற்கும். பெரியப்பா போனில் சொன்னது இதுதான்: "தம்பி, கல்யாண போட்டோ ஃபோல்டரைத் தொட்டாலே சுத்திக்கிட்டே இருக்குடா, மத்ததெல்லாம் தொறக்குது." டாஸ்க் மேனேஜரில் டிஸ்க் 100 சதவீதம் என்று காட்டும், ஆனால் வேகத்தைப் பார்த்தால் நொடிக்குச் சில கேபிதான் இருக்கும். காப்பி பண்ணினால் ஒரே ஃபைலில் போய் நிற்கும். பூட் ஆகும்போதெல்லாம் டிரைவைச் சரிபார்க்கிறேன் என்று விண்டோஸ் ஆரம்பிக்கும்.

கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருள் டிஸ்க் தன்னைப் பற்றித் தானே எழுதி வைத்திருக்கும் ஸ்மார்ட் கணக்கைக் காட்டும். அதில் மூன்று வரிகளைப் பார்த்தால் போதும்: 05 என்பது ஏற்கெனவே கெட்டுப்போய் மாற்று இடம் கொடுக்கப்பட்ட செக்டார்கள் (டிஸ்க் பிரிக்கப்பட்டிருக்கும் சிறு சிறு துண்டுகள்), சி5 என்பது படிக்க முடியாமல் சந்தேகத்தில் நிற்கும் செக்டார்கள், சி6 என்பது முயன்றும் சரிசெய்ய முடியாதவை. சி5 பூஜ்யத்தைத் தாண்டி, நாளுக்கு நாள் ஏறவும் செய்தால் யோசிக்கவே வேண்டாம், வேலையை ஆரம்பித்துவிடுங்கள். அந்த எண்கள் பதினாறடிமான முறையில் இருக்கும், கடைசியில் 10 என்று இருந்தால் அது 16. சி7 மட்டும் ஏறுகிறது, மற்றவை சுத்தம் என்றால் பெரும்பாலும் கேபிளோ கனெக்டரோதான் காரணம், டிஸ்க் பிழைத்துக்கொள்ளும்.

பச்சை நிறத்தில் நல்லது என்று காட்டுகிறதே என்று நிம்மதியாக உட்கார்ந்துவிடவும் வேண்டாம். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட டிஸ்க்குகளை வைத்து கூகுள் 2007இல் வெளியிட்ட ஆய்வில், செத்துப்போன டிஸ்க்குகளில் பாதிக்கு மேல் முக்கியமான நான்கு ஸ்மார்ட் அறிகுறிகளில் ஒன்றுகூட முன்னால் காட்டவில்லை.

டிக் டிக் என்று சத்தம் வருகிறது. என்ன அர்த்தம்?

உடனே அணையுங்கள். மீதியை அப்புறம் படிக்கலாம்.

அணைத்துவிட்டீர்களா? சரி. ஹார்ட் டிஸ்க்கின் உள்ளே தகடு பொதுவாக நிமிடத்துக்கு 5400 தடவை சுற்றுகிறது, அதன் மேல் படிக்கும் ஹெட் சில நானோமீட்டர் உயரத்தில் மிதக்கிறது. அது தன் இடத்தைக் கண்டுபிடிக்க முடியாமல் திரும்பத் திரும்ப ஆரம்ப இடத்துக்குப் போய் வருவதுதான் பெரும்பாலும் அந்த டிக் சத்தம். ஹெட் தகட்டை உரச ஆரம்பித்திருந்தால் ஒவ்வொரு சுற்றும் டேட்டா இருக்கும் பூச்சையே சுரண்டும். சன்னமாக பீப் என்று முனகினால் மோட்டார் சுற்ற முடியாமல் சிக்கியிருக்கலாம். சத்தமே இல்லை என்றால் சர்க்யூட் போர்டு போயிருக்கலாம். இந்த மூன்றும் வீட்டு வைத்தியத்துக்கு அடங்காது, நேராக டேட்டா ரெக்கவரி லேப் பற்றிய கேள்விக்குப் போய்விடுங்கள். இனி நான் சொல்வதெல்லாம் டிக், பீப் சத்தமில்லாமல் சுற்றுகிற, பயாஸில் (விண்டோஸ் வருவதற்கு முன் திறக்கும் செட்டிங் திரை) பெயரும் கொள்ளளவும் சரியாகத் தெரிகிற, ஆனால் இடைக்கிடையே படிக்கத் திணறுகிற டிஸ்க்குக்குத்தான்.

செக்டிஸ்க் ஓட்டிப் பார்க்கலாமா? யூடியூபில் எல்லோரும் அதைத்தானே சொல்கிறார்கள்?

வேண்டாம். செக்டிஸ்க் என்பது விண்டோஸோடு வரும் கருவி, அதன் வேலை ஃபைல் சிஸ்டத்தை, அதாவது எந்த ஃபைல் எங்கே இருக்கிறது என்ற பதிவை, ஒழுங்குபடுத்துவது, உங்கள் போட்டோக்கள் மேல் அதற்கு எந்தப் பாசமும் கிடையாது. படிக்க முடியாத பகுதியில் ஒரு ஃபோல்டரின் பதிவு இருந்தால் அதைப் பிய்த்துத் துண்டு துண்டாக வேறொரு ஃபோல்டரில் போட்டுவிடும், அதையும் அதே நோயாளி டிஸ்க்கில்தான் எழுதும். டிஃப்ராக், வைரஸ் ஸ்கேன், விண்டோஸ் ரிப்பேர் எல்லாவற்றுக்கும் இதே பதில்தான். இந்த டிஸ்க்கில் இன்னும் எத்தனை மணி நேரம் மிச்சம் என்று யாருக்கும் தெரியாது, அந்த நேரம் முழுவதும் காப்பி எடுப்பதற்கு மட்டும். சோதனை, ரிப்பேர், ஃபைல் தேடல் எதுவானாலும் காப்பியின் மேல் செய்துகொள்ளலாம், அங்கே தப்பு செய்தால் இன்னொரு காப்பி போட்டால் போயிற்று.

விண்டோஸ் ஒரு பெட்டியைக் காட்டி ஃபார்மட் செய்தால்தான் டிஸ்க்கைப் பயன்படுத்த முடியும் என்று கேட்டாலும் கேன்சல்தான். முழு ஃபார்மட் என்றால் விஸ்டாவிலிருந்து விண்டோஸ் டிஸ்க் முழுக்கப் பூஜ்யம் எழுதிவிடுகிறது. அதற்கப்புறம் எந்த மென்பொருளும் உதவாது.

கடையில் கொடுத்துவிடவா?

கொடுக்கலாம், எப்படிச் சொல்லிக் கொடுக்கிறீர்கள் என்பதில்தான் விஷயம். பக்கத்து வீட்டுப் பையன் ஒரு கடையில் "ஆன் ஆகல, சரி பண்ணிக் கொடுங்க" என்று மட்டும் சொல்லிக் கொடுத்தான். அவர்களும் சொன்னதைச் செய்தார்கள்: ஃபார்மட் அடித்து, புது விண்டோஸ் போட்டு, ஆன் ஆக்கிக் கொடுத்துவிட்டார்கள். மூன்று வருட ப்ராஜெக்ட் அதோடு போனது. அதனால் ரசீதிலேயே "டேட்டா வேண்டும், ஃபார்மட் செய்யக் கூடாது" என்று எழுதச் சொல்லுங்கள். முடிந்தால் டிஸ்க்கைக் கழற்றி வைத்துக்கொண்டு லேப்டாப்பை மட்டும் கொடுங்கள். பல நேரம் போயிருப்பது மதர்போர்டாகவோ டிஸ்ப்ளேவாகவோ இருக்கும், டிஸ்க் நன்றாகவே இருக்கும், அதை ஒரு கேபிளில் மாட்டி வேறு கம்ப்யூட்டரில் செருகினால் எல்லாம் அப்படியே தெரியும்.

டிஸ்க்கைத் தொடுவதற்கு முன்னால் செய்ய வேண்டியது ஏதாவது இருக்கிறதா?

இருக்கிறது, பலர் இதை மறந்துவிடுகிறார்கள். வேறொரு கம்ப்யூட்டரிலோ போனிலோ உட்கார்ந்து, எதெல்லாம் ஏற்கெனவே வெளியே இருக்கிறது என்று பாருங்கள். மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து ஒன்டிரைவைத் திறங்கள், புது லேப்டாப்களில் டெஸ்க்டாப்பும் டாக்குமென்ட்ஸும் உங்களுக்கே தெரியாமல் அங்கே ஏறியிருக்கலாம். போனில் எடுத்த படங்கள் கூகுள் போட்டோஸில் இருக்கலாம். ஜிமெயிலில் அனுப்பியவை பகுதியில் "இணைப்பு உள்ளவை" என்று தேடினால் ரெஸ்யூமே, ஸ்கேன்கள், கட்டுரைகள் என்று கொத்தாக வரும். பெரியப்பா பத்திரிகைகளுக்கு அனுப்பிய கட்டுரைகளில் ஏறக்குறைய பாதி இப்படியே கிடைத்துவிட்டது, டிஸ்க்கைத் தொடவே இல்லை.

அப்படியே பிட்லாக்கர் (விண்டோஸின் டிஸ்க் பூட்டு) சாவியையும் பார்த்துவிடுங்கள். விண்டோஸ் 11 லேப்டாப்களில் டிஸ்க் தானாகவே பூட்டப்பட்டிருக்க வாய்ப்பு அதிகம், அதைக் கழற்றி வேறு கம்ப்யூட்டரில் மாட்டினால் 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்கும். அது பெரும்பாலும் உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் சேமிக்கப்பட்டிருக்கும், ஆபீஸ் லேப்டாப் என்றால் ஐடி ஆட்களிடம் இருக்கும். சாவி இல்லை என்றால் டிஸ்க் முழுவதையும் பழுதில்லாமல் காப்பி எடுத்தும் பிரயோஜனம் இல்லை.

டிஸ்க்கைக் கழற்ற வேண்டுமா? என்ன வாங்க வேண்டும்?

கழற்றினால் நல்லது, ஆனால் கட்டாயம் கிடையாது. கழற்றுவதென்றால் 2.5 இஞ்ச் சாட்டா டிஸ்க்கை யூஎஸ்பியாக மாற்றும் கேபிள் ஒன்று, சென்னையில் ரிச்சி தெருவில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும், யூஎஸ்பி 3 என்று கேட்டு வாங்குங்கள். மெல்லிய சூயிங்கம் பட்டை மாதிரி இருப்பது எம்.2 எஸ்எஸ்டி (சுற்றும் தகடு இல்லாத சிப் டிஸ்க்), அதற்கு வேறு உறை, அதிலும் சாட்டா, என்விஎம்இ என்று இரண்டு ரகம் உண்டு, டிஸ்க்கையே கையில் எடுத்துப் போய்க் காட்டி வாங்குவது உத்தமம். கழற்றவில்லை என்றால் உபுண்டு, சிஸ்டம்ரெஸ்க்யூ மாதிரி ஒரு லினக்ஸைப் பென்டிரைவில் ஏற்றி அதிலிருந்து பூட் செய்துகொள்ளலாம். எப்படியானாலும் பழைய டிஸ்க்கைவிடப் பெரிய, நல்ல நிலையில் உள்ள இன்னொரு டிஸ்க் கண்டிப்பாக வேண்டும். 1 டிபியைக் காப்பாற்ற 2 டிபி எக்ஸ்டர்னல் வாங்கச் சொன்னபோது பெரியப்பா முகம் சுளித்தார். அக்கா போனில் ஒரு வார்த்தை சொன்னாள், மறுநாளே வாங்கிவிட்டார்.

சரி, எப்படிக் காப்பி எடுப்பது?

டிஸ்க் இன்னும் ஓரளவு வேகமாகவே ஓடுகிறது, ஸ்மார்ட்டில் மட்டும் எச்சரிக்கை வந்திருக்கிறது என்றால், சிறியதும் ஈடு இல்லாததுமான ஃபைல்களை முதலில் எடுத்துவிடுங்கள்: எழுதியவை, ஸ்கேன்கள், டேலி ஃபோல்டர், அவுட்லுக் ஃபைல். சினிமா, மென்பொருள் இன்ஸ்டாலர் எல்லாம் கடைசியில், அல்லது வேண்டவே வேண்டாம். விண்டோஸில் எடுப்பதென்றால் வழக்கமான இழுத்துப் போடும் காப்பி கெட்ட ஃபைலில் மாட்டிக்கொள்ளும், விண்டோஸோடு வரும் ரோபோகாப்பி என்ற கட்டளை நல்லது. ஆனால் அதில் ஒரு கண்ணிவெடி இருக்கிறது. நாம் எதுவும் சொல்லாவிட்டால் படிக்க முடியாத ஒரு ஃபைலை அது 10 லட்சம் தடவை, தடவைக்கு 30 நொடி இடைவெளி விட்டு, முயன்றுகொண்டே இருக்கும்! மறு முயற்சியை 0 என்று வைத்தால்தான் அடுத்த ஃபைலுக்குப் போகும்.

டிஸ்க் ஏற்கெனவே திணறுகிறது என்றால் ஃபைல் ஃபைலாக எடுக்காதீர்கள். அப்போது க்னூ டிடிரெஸ்க்யூதான் என் கை மருந்து. லினக்ஸில் இலவசமாகவே கிடைக்கும். இது ஃபைல்களைப் பார்ப்பதே இல்லை, டிஸ்க்கை முதல் செக்டாரிலிருந்து கடைசி வரை அப்படியே நகலெடுக்கும். படிக்க வரவில்லை என்றால் அங்கே நின்று மல்லுக்கட்டாமல் தாண்டிப் போகும், சுலபமாக வருவதை எல்லாம் முதலில் அள்ளிவிட்டு அப்புறம் விட்டுப்போன இடங்களுக்குத் திரும்பி வந்து ஓரங்களைக் கொறிக்கும், கடைசியில் செக்டார் செக்டாராகச் சுரண்டும். எது வந்தது, எது வரவில்லை என்பதை மேப்ஃபைல் என்ற சிறிய ஃபைலில் எழுதிக்கொண்டே போகும். இந்த மேப்ஃபைலைக் கொடுக்க மறந்தால் பாதியில் நின்றபின் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதுதான். கொடுத்திருந்தால் கரன்ட் போனாலும், கேபிள் பிடுங்கிக்கொண்டாலும், அதே கட்டளையை மறுபடி அடித்தால் விட்ட இடத்திலிருந்து தொடரும். நான் முதல் சுற்றைச் சுரண்டல் இல்லாமல் ஓட்டுவேன், அதற்கு -n (சிறிய எழுத்து) என்ற ஆப்ஷன். அது முடிந்தபின் இரண்டாம் சுற்றில் அந்த ஆப்ஷனை எடுத்துவிட்டு, மறு முயற்சி மூன்று என்று கொடுப்பேன்.

இதில் உயிர் போகும் தப்பு ஒன்றுதான்: மூலத்தையும் சேருமிடத்தையும் மாற்றிக் கொடுப்பது. காலி டிஸ்க்கின் நகல் நோயாளி டிஸ்க்கின் மேல் எழுதப்பட்டுவிடும். லினக்ஸ் டிஸ்க்குகளுக்கு எஸ்டிஏ, எஸ்டிபி என்று வைக்கும் பெயர் அடுத்த பூட்டில் மாறக்கூடும், நேற்று எஸ்டிபி என்று இருந்ததே என்று நினைவை நம்பி அடிக்காதீர்கள், ஒவ்வொரு தடவையும் மாடலையும் கொள்ளளவையும் பார்த்து உறுதி செய்யுங்கள். ஒரே கொள்ளளவில் இரண்டு டிஸ்க் இருந்தால் சீரியல் எண்ணையும் பாருங்கள். நான் ஒரு துண்டுத் தாளில் எழுதி டிஸ்க்கின் மேலேயே ஒட்டிவிடுவேன், கேட்கச் சிரிப்பாக இருந்தாலும் ராத்திரி ஒரு மணிக்கு அது கைகொடுக்கும்.

ஃபைல் மேனேஜரில் நோயாளி டிஸ்க்கின் ஐகானைக் கிளிக் செய்து திறந்து பார்க்காதீர்கள். சேரும் டிஸ்க் ஃபேட்32 ஃபார்மட்டில் இருந்தால் 4 ஜிபிக்கு மேல் ஒரே ஃபைலாக எழுத முடியாது, என்டிஎஃப்எஸ்ஸோ ஈஎக்ஸ்டி4ஓ வைத்துக்கொள்ளுங்கள்.

எவ்வளவு நேரம் ஆகும்?

நல்ல டிஸ்க் நொடிக்கு 100 எம்பி கொடுத்தால் 1 டிபிக்கு மூன்று மணி நேரத்துக்குள் முடியும். திணறுகிற டிஸ்க் நொடிக்கு 1 எம்பி என்று இறங்கினால் அதே 1 டிபிக்குப் பதினொன்றரை நாள். நடைமுறையில் இரண்டுக்கும் நடுவில் எங்காவது நிற்கும். பெரியப்பா டிஸ்க்குக்கு முதல் சுற்று 14 மணி நேரம், அதற்கப்புறம் சுரண்டலுக்கு இரண்டு ராத்திரி. லேப்டாப் ஸ்லீப்புக்குப் போகாமல் செட்டிங்கை மாற்றி, சார்ஜரைச் செருகி, டிஸ்க்கின் மேல் காற்று படும்படி சின்ன டேபிள் ஃபேன் ஒன்றை வைத்தேன், மே மாதம் என்பதால். காப்பி ஓடும்போது டிஸ்க்கைக் கட்டிலில், தலையணை மேல் எல்லாம் வைக்காதீர்கள், ஆடாத தரையோ மேஜையோ போதும்.

நகல் கிடைத்துவிட்டது. ஃபைல்கள் எங்கே?

நகல் இமேஜ் ஃபைலாக (டிஸ்க் முழுவதும் ஒரே ஃபைலாக) இருந்தால் உபுண்டுவின் டிஸ்க்ஸ் என்ற கருவியில் இணைக்கலாம், படிக்க மட்டும் என்ற முறையில்தான் அது திறக்கும். பெரும்பாலும் யூசர்ஸ் ஃபோல்டருக்குள் உங்கள் பெயரில் எல்லாமே அழகாக இருக்கும். பிரவுசர் புக்மார்க் வேண்டும் என்பவர்கள் மறைந்திருக்கும் ஆப்டேட்டா ஃபோல்டரையும் சேர்த்து எடுங்கள்.

பார்ட்டிஷனே (சி, டி என்று பிரித்த பகுதி) தெரியவில்லை என்றால் டெஸ்ட்டிஸ்க், அதுவும் முடியாவிட்டால் ஃபோட்டோரெக். இரண்டும் கிறிஸ்டோஃப் கிரெனியே எழுதிய இலவசக் கருவிகள், பெயர் அப்படி இருந்தாலும் ஃபோட்டோரெக் வேர்ட், பிடிஎஃப் எல்லாவற்றையும் எடுக்கும். ஒவ்வொரு வகை ஃபைலின் தொடக்கத்திலும் இருக்கும் அடையாள பைட்டுகளைத் தேடிப் பிடித்து இழுப்பதுதான் அதன் வேலை, அதனால் ஃபைல் பெயரும் ஃபோல்டரும் வராது. 40,000 படங்கள் எண்களை மட்டும் பெயராக வைத்துக்கொண்டு வந்து குவியும். பிரவுசர் சேமித்து வைத்த பொடிப் பொடி ஐகான்களும் அதில் அடக்கம், அளவை வைத்து வரிசைப்படுத்தி 50 கேபிக்குக் கீழே உள்ளதைத் தனியாக ஒதுக்கினால் பாதி தலைவலி குறையும். எல்லாமே நகலின் மேல்தான்.

மீட்ட வேர்ட் ஃபைலைத் திறந்தால் ஆங்கிலக் கிறுக்கலாக இருக்கிறதே?

இந்த ஒரு கேள்வியில் மட்டும் எனக்கு நெஞ்சு அடைத்திருக்கிறது. பெரியப்பாவின் பழைய கட்டுரை ஒன்றைத் திறந்தால் ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும் கலந்து ஒரே குப்பை. கெட்ட செக்டார் கட்டுரையைத் தின்றுவிட்டது என்றே நினைத்தேன். எதையும் தின்னவில்லை. அவர் அதை டைப் செய்தது பாமினி எழுத்துருவில், யூனிகோடுக்கு முந்தைய முறை, என் கம்ப்யூட்டரில் பாமினி இல்லை. எழுத்துருவை நிறுவியதும் தமிழ் வந்துவிட்டது. டாம், டாப், பழைய டிடிபி எழுத்துருக்கள் எல்லாவற்றுக்கும் இதே கதை. அதனால் பழைய விண்டோஸின் ஃபான்ட்ஸ் ஃபோல்டரையும் மறக்காமல் காப்பி எடுங்கள். பிறகு பொங்குதமிழ் மாதிரியான மாற்றியைக் கொண்டு யூனிகோடாக்கி வைத்துக்கொள்ளலாம்.

ஆரம்பத்திலிருந்து முடிவு வரை கட்டம் கட்டமாகவோ காலியாகவோ இருந்தால்தான் அது உண்மையான சேதம்.

போட்டோ பாதிக்குக் கீழே சாம்பல் நிறமாக இருக்கிறது. சரிசெய்ய முடியுமா?

ஜேபெக் படத்தில் நடுவில் 4 கேபி போனால்கூட அங்கிருந்து கீழே நிறம் மாறும், இடம் நகரும், அல்லது மொத்தமாகச் சாம்பலாகும். போன டேட்டாவைத் திருப்பிக் கொண்டுவர எந்த மந்திரமும் கிடையாது. டிடிரெஸ்க்யூவை இன்னொரு சுற்று ஓட்டினால் ஒன்றிரண்டு செக்டார் வரலாம், அவ்வளவுதான். எங்களுக்கு மொத்தம் 11 படங்கள் இப்படிப் போயின, அவற்றில் ஏழு பந்தி பரிமாறியபோது எடுத்தவை. ஒன்றில் சாம்பார் வாளி பிடித்த கைக்கு மேலே முகம் தெரிகிறது, வாளிக்குக் கீழே இலையும் இல்லை, ஆளும் இல்லை.

என்னுடையது எஸ்எஸ்டி. இதெல்லாம் பொருந்துமா?

பாதி பொருந்தும். எஸ்எஸ்டி சத்தம் போட்டு எச்சரிக்காது, நேற்று வரை நன்றாக ஓடியது இன்று பயாஸில் பெயர்கூடக் காட்டாமல் போகும். படிக்க மட்டும் விடும் நிலைக்குப் போயிருந்தால் அதிர்ஷ்டம், உடனே காப்பி எடுங்கள். தெரியாமல் அழித்த ஃபைலை மீட்பதுதான் இதில் கஷ்டம்: அழித்ததும் விண்டோஸ் டிரிம் என்ற கட்டளையை அனுப்பும், எஸ்எஸ்டி அந்த இடத்தைக் காலியென்று கணக்கில் எழுதி உள்ளுக்குள் துடைத்துவிடும். 2018 முதல் வந்த டி2 சிப் உள்ள மேக்புக்குகளிலும் ஆப்பிள் சிலிக்கான் மேக்புக்குகளிலும் சிப்போடு பிணைந்த குறியாக்கம் இருப்பதால், கழற்றி வேறெங்கோ மாட்டுவது என்ற பேச்சுக்கே இடமில்லை.

ஃப்ரீசரில் வைத்தால் வேலை செய்யுமாமே? மூடியைத் திறந்து பார்க்கலாமா?

ஃப்ரீசரிலிருந்து வெளியே எடுத்ததும் நம் ஊர்க் காற்றின் ஈரம் தகட்டின் மேல் பனியாகப் படியும், அதன் மேல் ஹெட் ஓடும். மூடியைத் திறந்தால் தூசி, ஒரு துகள் போதும். சர்க்யூட் போர்டை அதே மாடலிலிருந்து மாற்றிப் போடும் வித்தையும் இப்போது பலிக்காது, ஒவ்வொரு டிஸ்க்குக்கும் தனித்தனியான அளவீடுகள் அந்த போர்டில் உள்ள சிப்பில் இருக்கின்றன.

லேப்புக்கு அனுப்புவதென்றால் எதைக் கேட்க வேண்டும்?

தூசியில்லா அறை இருக்கிறதா, ஹெட் மாற்றும் வேலையை அவர்களே செய்கிறார்களா அல்லது வேறு ஊருக்கு அனுப்புகிறார்களா என்று கேளுங்கள். டேட்டா வராவிட்டால் என்ன கட்டணம், பணம் கட்டுவதற்கு முன் மீட்ட ஃபைல்களின் பட்டியலைக் காட்டுவார்களா என்பதையும் எழுத்தில் வாங்குங்கள். ஹெட் மாற்ற அதே மாடல் டிஸ்க் ஒன்றைப் பலிகொடுக்க வேண்டும், செலவு அங்கேதான் ஏறுகிறது. நீங்கள் இதுவரை செய்து பார்த்த எல்லாவற்றையும் ஒளிக்காமல் சொல்லிவிடுங்கள், டாக்டரிடம் சொல்கிற மாதிரி.

வேலை முடிந்தது. பழைய டிஸ்க்கை என்ன செய்வது?

உடனே தூக்கிப் போடாதீர்கள். நகலிலிருந்து பத்து இருபது ஃபைல்களையாவது திறந்து பார்த்து, அந்த நகலுக்கும் இன்னொரு நகல் எடுத்து வேறு வீட்டில் வைத்துவிட்டு அப்புறம் யோசிக்கலாம். வாரன்டியில் திருப்பிக் கொடுத்தால் உள்ளே உள்ளதும் சேர்ந்தே போகும் என்பது நினைவிருக்கட்டும், பழைய இரும்புக் கடைக்குப் போட்டாலும் அதேதான். உடைப்பதென்றால் கண்ணாடி போட்டுக்கொண்டு, துணியில் சுற்றி அடியுங்கள், லேப்டாப் டிஸ்க்குகளில் பலவற்றின் தகடு கண்ணாடியால் ஆனது, சில்லு சில்லாகத் தெறிக்கும். பெரியப்பா டிஸ்க்கை ஆறு மாதம் பீரோவில் வைத்திருந்துவிட்டு அப்புறம்தான் பிரித்தோம். உள்ளே இருந்த இரண்டு காந்தங்களும் இப்போது அவர் வீட்டு ஃப்ரிட்ஜில் கரன்ட் பில்லைப் பிடித்துக்கொண்டிருக்கின்றன, இழுத்து எடுக்க இரண்டு கை வேண்டும்.